புதுச்சேரியில் விடுமுறை, விடாத ஓட்டப் பயிற்சி

அரை மாரத்தானுக்கான பயிற்சியின் நடுப்பகுதியில், அதுவும் அக்னி நட்சத்திர நாள்களில், குடும்பத்துடன் புதுச்சேரியில் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். வேலூரில் என்னுடன் ஓடும் நண்பர்கள், கடற்கரை ஊருக்குப் போகிறவனுக்குப் பயிற்சி தானாகவே அமைந்துவிடும், மணலில் ஓடி ஓடிக் கால் உரமேறிவிடும் என்று உற்சாகமாக வழியனுப்பினார்கள். அவர்கள் சொன்னதில் பாதியைத்தான் என்னால் ஏற்க முடிகிறது. கடலோர ஊரில் பயிற்சியைக் குலையாமல் காப்பாற்றிக்கொள்ளலாம். ஆனால் நீண்ட ஓட்டத்தைச் சாலையிலேயே வைத்துக்கொண்டு, மணலைச் சிறிதளவே தொட்டு, கிலோமீட்டருக்கு இத்தனை நிமிடம் என்ற கணக்கை அந்த நாள்களுக்கு முழுமையாக ஒதுக்கி வைத்தால்தான் அது முடியும்.

வேகக் கணக்கை ஒதுக்கச் சொல்வதற்குக் காற்றே காரணம். வேலூரின் கோடை 40 டிகிரியைத் தாண்டுவது நமக்குப் பழகிப்போனது. ஆனால் அது பெரும்பாலும் வறண்ட வெப்பம். வியர்வை உடலைக் குளிர்விப்பது ஆவியாகும்போதுதான். வழிந்து தரையில் சொட்டும் வியர்வையால் உடலுக்கு நீர் இழப்பு உண்டே தவிரக் குளிர்ச்சி இல்லை. புதுச்சேரியில் விடியற்காலையில் வெப்பமானி காட்டும் எண் மதியத்தைவிட வெகுவாகக் குறைந்திருந்தாலும், காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை ஆவியாக மறுக்கிறது. சட்டை இரண்டாவது கிலோமீட்டரிலேயே நனைந்து உடலோடு ஒட்டிக்கொள்கிறது. உடல் தன் வெப்பத்தை வெளியேற்றத் தோலுக்குக் கூடுதல் இரத்தத்தை அனுப்ப வேண்டியிருப்பதால், அதே வேகத்துக்கு இதயத்துடிப்பு உயர்கிறது. ஆகவே எளிய ஓட்டம் என்று திட்டத்தில் எழுதியிருந்த நாள்களில், பக்கத்தில் ஒருவர் இருந்தால் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்பதை மட்டும் அளவுகோலாக வைத்துக்கொண்டேன். திட்டத்தில் கிலோமீட்டராக இருந்ததையெல்லாம் நிமிடங்களாக மாற்றி எழுதிக்கொண்டேன். எட்டுக் கிலோமீட்டர் என்பது ஐம்பது நிமிடம் ஆயிற்று, அந்த ஐம்பது நிமிடத்தில் எவ்வளவு தொலைவு கடந்தேன் என்று பார்க்கவில்லை. நண்பர்கள் சிலருக்கு இது சலுகை போலத் தோன்றலாம். இதயத்துக்கும் நுரையீரலுக்கும் கிடைக்கும் உழைப்பு அதேதான் என்பதால் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

வெயிலின் கதையும் அங்கே வேறு. வேலூரில் கோட்டைக்குக் கிழக்கே குன்றுகள் நிற்பதால், சூரியன் எழுந்த பிறகும் அகழியோரம் சற்று நேரம் நிழலில் ஓட முடிகிறது. புதுச்சேரியில் சூரியன் நேரே கடலிலிருந்து எழுகிறது. மே மாதத்தில் காலை ஐந்தே முக்காலுக்கெல்லாம் மறைப்பு எதுவும் இல்லாமல் முகத்தில் அடிக்கிறது. ஓட்டத்தின் பெரும்பகுதியை அதற்கு முன்பே முடித்துவிட, நான்கரை மணிக்கு எழுவது கட்டாயமாகிறது. வீட்டாருடன் ஊர் பார்க்க வந்தவனுக்கு இந்த நேரமே பொருத்தமும் ஆகும். குழந்தைகள் விழிப்பதற்குள் குளித்து முடித்து, அவர்களோடு உட்கார்ந்து காலை உணவு சாப்பிட்டுவிடலாம், யாருடைய நாளும் கெடாது.

சாலை ஓட்டத்துக்கு அந்த ஊரில் உள்ள வசதியை நான் மனமாரப் பாராட்டுகிறேன். கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் காலை 7.30 மணி வரை வாகனங்களை விடுவதில்லை. வேலூரில் பாகாயத்திலிருந்து காட்பாடி வரை பேருந்துகளுக்கும் ஆட்டோக்களுக்கும் ஒதுங்கி ஒதுங்கியே ஓடிப் பழகிய நமக்கு, சாலையின் நடுவில் அச்சமின்றி ஓடுவது பெரிய கொடை. அதன் நீளம் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர்தான்; ஐந்து முறை போய்த் திரும்பினால் நீண்ட ஓட்டம் நிறைவாகிவிடுகிறது. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது சலிப்பூட்டும் என்பவர்கள் உண்டு. எனக்கோ, காந்தி சிலைக்கு அருகில் தண்ணீர்ப் போத்தலை வைத்துவிட்டு, ஒவ்வொரு திருப்பத்திலும் இரண்டு வாய் குடித்துச் செல்வது மிகவும் உதவியாக இருந்தது. அந்தச் சிலையைச் சூழ்ந்து நிற்கும் கல்தூண்கள் செஞ்சியிலிருந்து கொண்டுவரப்பட்டவை என்று சொல்வார்கள். கல் பாவிய நடைபாதையை விட்டுத் தார்ச்சாலையிலேயே ஓடுவது முழங்காலுக்கு நல்லது. மேடு ஏறும் பயிற்சி மட்டும் அங்கே கிடைப்பது அரிது. தரை சற்றே உயரும் கோரிமேடு பக்கம் போனால் ஓரளவு ஈடு செய்யலாம்.

இனி மணல். கடற்கரைச் சாலையை ஒட்டிப் பெரும்பாலும் கருங்கற்பாறைகளே கிடக்கின்றன. இந்தக் கரையில் அலைகள் ஆண்டின் பெரும்பகுதியில் மணலைத் தெற்கிலிருந்து வடக்காக நகர்த்திக்கொண்டே இருக்கின்றன. 1980-களின் இறுதியில் நகருக்குத் தெற்கே துறைமுகத்துக்காகக் கட்டிய அலைதடுப்புச் சுவர்கள் அந்த மணலை மறித்ததால், வடக்கே இருந்த நகரக் கரை அரித்துப்போனது, தெற்கே வீராம்பட்டினத்தில் மணல் பரந்து கிடக்கிறது. எனவே மணலில் ஓட விரும்பியபோது வீராம்பட்டினத்துக்குத்தான் போனேன்.

மணலில் ஓடுவதன் கடுமை வெறும் உணர்வு அன்று. பெல்ஜிய ஆய்வாளர்கள் 1998-இல் வெளியிட்ட ஆய்வு, கெட்டியான தரையோடு ஒப்பிட்டால் மணலில் ஓடுவதற்கு ஏறத்தாழ 1.6 மடங்கும், நடப்பதற்கு 2.1 முதல் 2.7 மடங்கும் ஆற்றல் செலவாகிறது என்று கண்டது. பாதம் மணலை அழுத்தி நகர்த்துவதிலேயே உழைப்பின் ஒரு பகுதி வீணாகிறது. கெட்டித் தரையில், தசையை எலும்போடு இணைக்கும் நாண்களும் தசைகளும் சுருள்வில்லைப் போலத் திருப்பித் தரும் விசை மணலில் குறைந்துவிடுகிறது. குதிகால் மணலில் புதைவதால் குதிகால் நாணும் கெண்டைக்கால் தசையும் பழக்கத்தைவிடக் கூடுதலாக இழுபடுகின்றன. போட்டிக்குச் சில வாரங்களே இருக்கும்போது, பழகாத கால்களோடு அதில் ஒரு மணி நேரம் ஓடுவதை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

ஈரமணல் கெட்டியாக இருக்குமே என்று கேட்கலாம். நம் கிழக்குக் கரையில் நீர் ஏறி இறங்கும் வேறுபாடு ஏறக்குறைய ஒரு மீட்டர்தான் என்பதால், நீர் வற்றும் நேரத்தில்கூட அந்தக் கெட்டிப் பட்டை குறுகலாகவே தென்படுகிறது. அதுவும் கடலை நோக்கிச் சரிந்திருக்கிறது. ஒரே திசையில் ஓடினால் கடற்பக்கத்துக் கால் எப்போதும் தாழ்ந்தே இறங்கும், இடுப்பும் முழங்காலின் வெளிப்புறமும் அதற்கு விலை கொடுக்கும். ஆகவே ஐந்து நிமிடம் போய், ஐந்து நிமிடம் திரும்பி, இரு கால்களுக்கும் சமமாகப் பகிர்ந்தேன். அதுவும் எளிய ஓட்டம் முடிந்த பிறகு, காலணியோடுதான். வெறுங்காலில் ஓடும் ஆசை எல்லாருக்கும் எழும். சிப்பிகளும் தூண்டில் முட்களும் கிடக்கும் கரையில் அதைத் தவிர்ப்பதே நல்லது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஏப்ரல் 15 முதல் 61 நாள்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருந்தாலும், சிறு படகுகள் கடலுக்குப் போகின்றன. காலையில் கரை முழுவதும் மீனவர்களின் பணியிடம். விரித்திருக்கும் வலையை மிதிக்காமல், கயிறுகளைத் தாண்டிக் குதிக்காமல் சுற்றிப் போக வேண்டும். வலை சீர் செய்துகொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம், இந்தப் பக்கம் ஓடலாமா ஐயா என்று கேட்டபோது, படகு இழுக்காத பகுதியைக் கைகாட்டி அனுப்பினார்.

வியர்வையோடு உப்பும் நிறையப் போய்விடுவதால் வெறும் தண்ணீர் போதவில்லை. இளநீர் அங்கே நன்றாகக் கிடைக்கிறது. அதில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு என்பதால் ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்துக் குடித்தேன். அக்கா நாள்தோறும் மோரில் உப்புப் போட்டு வைத்திருந்தது அதைவிட நன்றாக இருந்தது.

கண்ணமங்கலம் வழியாக ஊர் திரும்பிய மறுநாள், கோட்டையைச் சுற்றி மெதுவான ஓட்டம் மட்டும் ஓடினேன். மணலில் உழைத்த கெண்டைக்காலின் இறுக்கம் ஓரிரு நாள் கழித்தே வெளிப்படும் என்பதால் வேக ஓட்டத்தை வாரக் கடைசிக்குத் தள்ளிவைத்தேன். காலணியின் உள்தட்டைக் கழற்றி, உப்பும் மணலும் போக நல்ல தண்ணீரில் அலசி, உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் உலர்த்த வேண்டும். நம் ஊர் வெயிலில் நேரடியாக வைத்தால் பசை விட்டுப்போகும்.