மல்லிகைக்கு உறவு, வேம்பு மருந்து

கனடாவில் எங்களுக்கென்று அமைந்த முதல் வீட்டுக்கு நாங்கள் குடிவந்தது டிசம்பர் குளிரில். வாசலில் உயரமாக ஒரு மரம் நின்றது. இலை ஒன்றுகூட இல்லை. என்ன மரம் என்று கேட்கவும் தோன்றவில்லை. பனிக்காலத்தில் எல்லா மரமும் விறகு மாதிரிதான் தெரிகிறது.

ஏப்ரல் போய் மே வந்தது. தெருவில் மேப்பிள்கள் எல்லாம் துளிர்த்துவிட்டன. எங்கள் மரம் மட்டும் அப்படியே நின்றது. மே இரண்டாம் வாரத்தில், மரம் வெட்டுகிறவர்களைக் கூப்பிட வேண்டியதுதான் என்று முடிவு செய்துவிட்டேன். பக்கத்து வீட்டுப் பெரியவர்தான் தடுத்தார். "அது ஆஷ். கடைசியாகத்தான் எழுந்திருக்கும், முதல் ஆளாகப் படுத்துவிடும். இன்னும் இரண்டு வாரம் பொறுங்கள்" என்றார். அவர் சொன்னபடியே மாதக் கடைசியில் மரம் முழுக்கப் பச்சை. செப்டம்பர் கடைசியில், மற்ற மரங்கள் நிறம் மாறத் தொடங்கும்போதே, இது மஞ்சளாகிக் கொட்டத் தொடங்கியது.

ஒரு நாள் இரவு அம்மாவிடம் தொலைபேசியில் இந்த மரத்தைப் பற்றிச் சொன்னேன். "ஆஷ்னா சாம்பல்தானேடா? வாசல்ல போயா சாம்பல் மரம்?" என்று கேட்டார். எனக்கும் முதலில் அந்தச் சந்தேகம் இருந்தது. சாம்பலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பழைய ஆங்கிலத்தில் இந்த மரத்துக்கும் ஈட்டிக்கும் ஒரே சொல். ஈட்டிக் காம்பு இந்தக் கட்டையில்தான் செய்தார்கள். இன்றும் கோடரிப் பிடி, பேஸ்பால் மட்டை என்று அடி தாங்க வேண்டிய சாமான்களுக்கு ஆஷ் கட்டையைத் தேடுகிறார்கள். வளையும், சட்டென்று உடையாது. தாவரவியலில் இதன் பெயர் ஃப்ராக்ஸினஸ். சேர்ந்தது ஆலிவ் குடும்பத்தில். மல்லிகையும் பவழமல்லியும் அதே குடும்பம்தான்.

இதைச் சொன்னதும் அம்மாவின் குரல் மாறிவிட்டது. "அப்போ பூக்குமா?"

பூக்கும், ஆனால் மல்லிகையை நினைத்துக்கொண்டு பார்த்தால் ஏமாற்றம்தான். இலை வருவதற்கு முன்னாலேயே, கிளை நுனிகளில் கருஞ்சிவப்பாகப் பூச்சிக்கூடு மாதிரி ஒரு கொத்து. வாசனை கிடையாது, காற்றே மகரந்தத்தைச் சுமந்துபோகிறது. பெரும்பாலான ஆஷ் இனங்களில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. எங்களுடையது பெண் என்பது கூரையோரத்து மழைநீர்த் தகரத்தைப் பார்க்க ஏணி வைத்து ஏறிய அன்று தெரிந்தது. ஒற்றைச் சிறகு வைத்த விதைகள் கொத்துக் கொத்தாக அடைத்துக்கொண்டிருந்தன. முருங்கை விதைக்கு மூன்று சிறகு, இதற்கு ஒன்றுதான், சின்னத் துடுப்பு மாதிரி நீண்டிருக்கும். நடுவதற்கு மரம் வாங்குகிறவர்கள் ஆண் மரம்தானா என்று விசாரிப்பதற்குக் காரணம் இந்தக் குப்பைதான்.

மரத்தை அடையாளம் காண எனக்கு உதவியது ஒரே விஷயம்: கிளைகள் ஜோடி ஜோடியாக, நேருக்கு நேர் கிளம்பும். இலையும் அப்படித்தான். ஒரே காம்பில் ஐந்து, ஏழு, ஒன்பது என்று சிற்றிலைகள். வயதான மரத்தின் பட்டையில் வைரக்கட்டம் போட்டது போல வரிப்பள்ளங்கள் ஓடும். 'மவுன்டன் ஆஷ்' என்று ஒன்று சிவப்புப் பழக் குலையோடு விற்பார்கள். அது ரோஜா குடும்பம், ஆஷே கிடையாது.

தகரத்திலிருந்து வழித்துப்போட்ட விதைகளில் சில பூச்செடிகளுக்கு நடுவே முளைத்தன. அதில் முழங்கால் உயரம் வந்த ஒன்றைப் பின்பக்கம் மாற்றி நடலாம் என்று ஆசை வந்தது. பெரிய மரம் வீட்டுச் சுவரிலிருந்து நாலைந்து அடியில் நிற்கிறது. வேர் நடைபாதைக் கல்லைத் தூக்கிவிட்டிருக்கிறது. 60, 70 அடி வளரக்கூடிய மரத்துக்கு அது இடமே இல்லை. அதனால் கன்றுக்கு வீட்டிலிருந்து 25 அடி விட்டேன். மேலே மின்கம்பி இல்லாத இடமாகப் பார்த்தேன். அப்புறம், இங்கே மண்வெட்டி எடுப்பதற்கு முன் தரைக்கடியில் எரிவாயுக் குழாயோ கேபிளோ போகிறதா என்று குறித்துத் தரச் சொல்லிக் கேட்டாக வேண்டும். வந்து மஞ்சள் பெயின்ட்டால் கோடு போட்டுவிட்டுப் போனார்கள்.

குழி வெட்டியதில்தான் தவறு செய்தேன். ஆழமாக நட்டால் உறுதியாக நிற்கும் என்று நினைத்து ஒன்றரை அடி தோண்டிப் புதைத்துவிட்டேன். கன்று ஒரு வருடம் அப்படியே நின்றது, ஒரு கொழுந்து தாண்டவில்லை. தண்டு அகன்று வேராகப் பிரிகிற இடம் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டுமாம். குழி அகலமாக இருக்கலாம், வேர்க்கட்டியைவிட இரண்டு மடங்குகூட, ஆழம் கூடாது. மறு வசந்தத்தில் எடுத்து மேலே தூக்கி நட்டேன். மரத்தூளைச் சுற்றிப் பரப்பும்போதும் தண்டில் ஒட்டாமல் ஒரு கையகலம் இடம் விட்டேன். ஒரு தோட்டக்காரர் எங்கள் பெரிய மரத்தைச் சுற்றி எரிமலை மாதிரி தூளைக் குவித்துவிட்டுப் போயிருந்தார். நான் கிளறியபோது பட்டை ஈரத்தில் ஊறிப் போயிருந்தது.

இதெல்லாம் பழகி, மரத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரியும் என்று நினைக்க ஆரம்பித்த பிறகுதான் உண்மையான கவலை வந்தது. ஒரு குளிர்காலம் முழுக்க மரங்கொத்திகள் பெரிய மரத்தை விடவேயில்லை. மேல்பட்டையைச் செதில் செதிலாக உரித்துப் போட்டதில், மரம் அங்கங்கே வெளுத்துத் தெரிந்தது. அந்தக் கோடையில் உச்சிக் கிளைகளில் இலை குறைந்தது. அடித்தண்டிலிருந்து புதிதாகக் குச்சிகள் கிளம்பின. முதல் வருடத்து அனுபவத்தை வைத்து, "தாமதமாக எழும் மரம்தானே" என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். பெரியவர்தான் மறுபடி வந்தார். பட்டையில் ஒரு துளையைக் காட்டினார். வட்டம் இல்லை, ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் வளைவு. பாதி நிலா வடிவில், பென்சில் நுனிக்குக் கொஞ்சம் பெரிதாக.

எமரால்டு ஆஷ் போரர் என்கிற பச்சை வண்டு வெளியே வந்த வழி அது. வண்டு அரை அங்குலம்கூட இல்லை, பளபளவென்று மரகத நிறம். பூர்வீகம் கிழக்கு ஆசியா. வட அமெரிக்காவில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது 2002-இல், அமெரிக்காவின் டெட்ராயிட் பக்கத்தில். அதே ஆண்டு எல்லைக்கு இந்தப் பக்கம் வின்ட்சரிலும். வண்டு இலையைத் தின்பதால் பெரிய சேதம் இல்லை. அதன் புழு பட்டைக்கு அடியில் வளைந்து வளைந்து குடைந்து, மரத்தின் சாப்பாட்டுக் குழாயை அறுத்துவிடுகிறது. கோடிக்கணக்கான ஆஷ் இப்படிப் போய்விட்டது. விறகோடு சேர்ந்து ஊர்விட்டு ஊர் பரவியதால் விறகைக் கொண்டுபோகவே கட்டுப்பாடு. ஐரோப்பாவில் கதை வேறு, அங்கே ஒரு பூஞ்சைதான் எமன்.

மரத்தைப் பார்க்க வந்த நிபுணர், உச்சி காய்ந்தது கால்வாசிக்கும் குறைவு என்பதால் ஊசி போட்டுப் பார்க்கலாம் என்றார். அடித்தண்டில் சின்னத் துளை போட்டு மருந்தை ஏற்றுவார்கள். மரமே அதை உச்சிவரை இழுத்துக்கொள்ளும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை போட வேண்டும். "என்ன மருந்து?" என்று கேட்டேன்.

"அசாடிராக்டின். வேப்பங்கொட்டையிலிருந்து எடுப்பது" என்றார்.

நான் சிரித்ததைப் பார்த்து அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பனியில் பாதி வருடம் நிற்கிற மரத்துக்கு, பனியே பார்க்காத மரத்திலிருந்து மருந்து. அன்று அவர் அடித்தண்டில் வரிசையாகச் செருகிய குப்பிகள் ஒவ்வொன்றாக வற்றுவதைப் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சிலது பத்து நிமிடத்தில் காலி. நிழல் பக்கத்தில் இருந்த ஒன்று மட்டும் ஒரு மணி நேரம் பிடித்தது.

இனி இங்கே புதிதாக ஆஷ் நடலாமா என்று கேட்டால், ஊசி போடும் செலவையும் கவனிப்பையும் ஏற்கத் தயாரானவர்கள் மட்டும் நடட்டும் என்பேன். வாசல், பின்பக்கம், வேலியோரம் எல்லாம் ஒரே மரம் என்பது மட்டும் வேண்டாம். நானும் கன்றுக்கு இருபதடி தள்ளி ஒரு ஓக் வைத்திருக்கிறேன். கன்று இப்போது கட்டைவிரல் தடிமன். ஓர் அங்குலம் வந்தாலே வண்டு முட்டையிடப் போதும் என்கிறார்கள், அதனால் வாரம் ஒருமுறை தண்டைத் தடவிப் பார்க்கிறேன். கிளை வெட்டுவதெல்லாம் வண்டு பறக்காத குளிர்காலத்தில்தான்.

நேற்று அம்மா கூப்பிட்டார். இங்கே மே முதல் வாரம். மேப்பிள் எல்லாம் விரிந்தாகிவிட்டது.

"உன் சாம்பல் மரம் எழுந்துடுச்சாடா?"

"இல்லம்மா. இன்னும் ரெண்டு வாரம்."