கடலோர மோட்டார் மலை ஏறினால்

நீலகிரி மலையில் பைக்காரா ஏரிப் பக்கம் ஒரு படகுக்கு வாங்கிய பழைய டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டார் (படகின் பின்னால் மாட்டுவது), முன்பு ராமேஸ்வரத்தில் மீன்பிடிப் படகில் ஓடியது. அங்கே ஒரு குறையும் இல்லை. இங்கே வந்ததும் காலையில் கை வலிக்கக் கயிறு இழுக்க வேண்டியிருந்தது. ஸ்டார்ட் ஆனாலும் ஏரி நடுவே போனதும் திணறி நின்றுவிடும். பார்த்த மெக்கானிக்குகள் எல்லாரும் ஸ்பார்க் பிளக்கை மாற்றினார்கள். புது பிளக் போட்டால் சரியாகும், அப்புறம் பழைய கதைதான்.

வழி காட்டியவர் ஒரு மூத்த படகோட்டி. "தம்பி, மோட்டார் அணையப் போறப்போ பெட்ரோல் டியூப்ல இருக்கிற ரப்பர் பம்பை, அதான் அந்த பல்பை, அமுக்கு. உசுரு வந்துச்சுன்னா பிளக்கைத் தொடாதே" என்றார். அடுத்த முறை திணறியபோது அமுக்கினேன். உடனே சத்தம் தெளிந்து வேகம் பிடித்தது. அப்படியானால் கரண்ட் வருகிறது, பெட்ரோல்தான் போய்ச் சேரவில்லை.

டேங்க் மூடியின் காற்றுத் திருகு திறந்துதான் இருந்தது. அது மூடியிருந்தாலும் இதே மாதிரி நிற்கும், அதனால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். டேங்கில் அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் எடுத்து வைத்தேன். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், இந்த மூடுபனியில் கேட்கவே வேண்டாம். ஆனால் அடியில் தண்ணீர் பிரியவில்லை. டேங்குக்கும் பல்புக்கும் நடுவே ஒரு துண்டு கண்ணாடி டியூப் மாட்டி ஓட்டியபோதுதான் பிடிபட்டது: பெட்ரோலோடு சின்னச் சின்னக் குமிழிகள் வரிசையாக ஓடி வந்தன. டேங்க் பக்கக் கனெக்டரின் ரப்பர் வளையம், அதாவது ஓ-ரிங், வெடித்திருந்தது. வெளியே ஒரு சொட்டுகூட ஒழுகாது, ஆனால் மோட்டார் உறிஞ்சும்போது காற்று உள்ளே புகும். பலரும் ஏமாறுவது இங்கேதான்.

ரிங்கை மாற்றியதும் நடுவழியில் நிற்பது நின்றது. காலைத் தகராறு மட்டும் தீரவில்லை. பிளக்கைக் கழற்றினால் ஈரமும் கரியும். இதற்குக் காரணம் மலைதான். சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடலோரத்தில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கே. காற்றோடு பெட்ரோலைக் கலக்கும் கார்புரேட்டரோ கடலோரக் கணக்கிலேயே பெட்ரோல் ஊற்றுகிறது. எரியாத மிச்சம் பிளக்கில் படிகிறது. மோட்டாரின் கையேட்டில் உயரத்துக்கு ஏற்ற ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளை) அளவு இருந்தது. அதன்படி மெயின் ஜெட்டைச் சின்னதாக்கி, மெதுவாக ஓடும்போதுள்ள கலவைக்கான ஸ்லோ ஸ்க்ரூவையும் சரிசெய்தோம். இப்போது பிளக் காப்பிப் பொடி நிறத்தில் இருக்கிறது, சோக்கை இழுத்து ஓரிரு இழுப்பில் பிடித்துக்கொள்கிறது.

இழுவை கொஞ்சம் குறைவுதான். காற்று குறைந்த இடத்தில் ஜெட் மாற்றினாலும் முழு சக்தி வராது, பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) குறைந்த புரொப்பெல்லர் போட்டால் ஓரளவு சமாளிக்கலாம். கழற்றிய பழைய ஜெட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். இந்த மோட்டார் திரும்பக் கடலோரம் போனால் அதைப் போட்டே ஆக வேண்டும். சின்ன ஜெட்டோடு அங்கே ஓட்டினால் பெட்ரோல் பற்றாமல் சூடேறி, பிஸ்டனே போய்விடும்.