0.87 வோல்ட்டில் நின்ற செல்

மார்ச் 4
1400 டிகிரியில் சுட்ட ஆறு எரிபொருள் செல்களை (ஹைட்ரஜனையும் காற்றிலுள்ள ஆக்சிஜனையும் கொண்டு மின்சாரம் தரும் செராமிக் வட்டுகள்) இன்று உலையிலிருந்து எடுத்தேன். 25 மி.மீ. வட்டாகப் போனவை 20 மி.மீ. ஆகச் சுருங்கியிருக்கின்றன. இரண்டு கிண்ணம் போல வளைந்துவிட்டன. ஹைட்ரஜன் பக்கத்து மின்முனையான ஆனோடு அடுக்கும், அதன்மேல் பூசிய, ஆக்சிஜன் அயனியைக் கடத்தும் சிர்கோனியாவும் ஒரே அளவு சுருங்கவில்லை. தட்டையாக வந்த நான்கின் மேலும் மை கலந்த ஆல்கஹாலை ஒரு சொட்டு விட்டுத் துடைத்தேன். ஒன்றில் மட்டும் மெல்லிய நீலக் கோடு தங்கியது. விரிசல். மிச்சம் மூன்று.

மார்ச் 6
காற்றுப் பக்கத்து மின்முனையான கேத்தோடைப் பூசி 1100 டிகிரியில் சுட்டாயிற்று. இன்னும் சூடாக்கினால் நன்றாக ஒட்டும்தான், ஆனால் கேத்தோடுப் பொருளான மாங்கனைட்டில் உள்ள லாந்தனம் சிர்கோனியாவோடு வினைபுரிந்து, ஆக்சிஜன் அயனிக்கு வழிவிடாத ஒரு படலத்தை உண்டாக்கிவிடும்.

மார்ச் 9
அலுமினா குழாயின் வாயில் செல்லை செராமிக் பசையால் ஒட்டி, நிமிடத்துக்கு 2 டிகிரி வீதம் ஏற்றினேன். 800-ஐத் தொட ஆறரை மணி நேரம். முதலில் நைட்ரஜன், அப்புறம் தண்ணீருக்குள் குமிழியிட்டு வரும் ஹைட்ரஜன், கொஞ்சம் கொஞ்சமாக. உள்ளே பச்சை நிக்கல் ஆக்சைடு நிக்கலாக மாறும்போது அதன் கன அளவு ஏறக்குறைய 40% குறைகிறது. அப்போது விழும் துளைகள்தான் வாயு போகும் வழி. மீட்டரில் எண் ஏறிக்கொண்டே வந்தது: 0.3, 0.6, 0.8... 0.87-இல் நின்றுவிட்டது. இரு பக்க வாயுக்களைக் கொண்டு மின்னழுத்தத்தைக் கணிக்கும் நெர்ன்ஸ்ட் சமன்பாட்டின்படி 1.1 வர வேண்டும். (இட்ரியா கலந்த இதே சிர்கோனியாவை 1890களில் விளக்கில் ஒளிரவிட்டவரும் அதே நெர்ன்ஸ்ட்தான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.)

ஹைட்ரஜன் ஓட்டத்தைக் கூட்டினால் 0.93. அப்படியானால் எங்கோ வாயு கசிகிறது. உள்ளே மின்கசிவு மட்டும் என்றால் ஓட்டத்தைக் கூட்டியதற்கு இவ்வளவு ஏறாது.

மார்ச் 10
நிக்கல் மறுபடி ஆக்சைடாகி வீங்கினால் செல்லே பிளந்துவிடும் என்பதால், ஹைட்ரஜனை நிறுத்தாமலேயே குளிரவைத்தேன். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். செல் முழுசாக இருக்கிறது. பசையில்தான் ஊசிமுனை அளவுக் கொப்புளங்கள், ஓரத்தில் ஒரு கீறல். ஒரே தடவையில் தடிமனாகப் பூசி, காயும் முன்பே சூடேற்றியிருக்கிறேன். உள்ளே மாட்டிய ஈரம் கொதித்து வெளியேறியிருக்கிறது. அவசரப்பட்டது நான்.

மார்ச் 14
இரண்டாவது செல். பசை மூன்று மெல்லிய பூச்சு, ஒவ்வொன்றும் காய்ந்தபின் அடுத்தது. பிறகு 93 டிகிரியில் இரண்டு மணி நேரம், 260-இல் இரண்டு மணி நேரம்.

1.08 வோல்ட்! ஓட்டத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் அசையவில்லை. ஐந்து நிமிடம் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுமை கொடுத்தபோது 0.7 வோல்ட்டில் சதுர செ.மீ.க்கு 0.56 ஆம்பியர், அதாவது 0.39 வாட்.

மார்ச் 15
மின்மறுப்பு (மாறுமின்னோட்டத்துக்குச் செல் காட்டும் தடை) அளவீட்டில் இரண்டு வளைவுகள் தெரிந்தன, ஒன்று ரொம்பப் பெரியது; வளைவு பெரிதென்றால் தடையும் பெரிது. காற்றுக்குப் பதில் சுத்தமான ஆக்சிஜனை விட்டதும் அந்தப் பெரிய வளைவு மட்டும் சுருங்கியது. தடை கேத்தோடு பக்கம்தான். மூன்றாவது செல்லின் கேத்தோடைச் சுரண்டி எடுத்துவிட்டு, இன்னும் நுண்ணிய பொடியால் புதிதாகப் பூசப்போகிறேன். பொடி இன்று இரவே அரைவையில் ஓடுகிறது.