கண்டன அறிக்கை வெளியான மறுநாள்

ஜெனீவா மனித உரிமைப் பேரவையைப் பற்றிச் சென்னையில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2012 மார்ச்சில் இலங்கைத் தீர்மானம் 24 ஆதரவு, 15 எதிர்ப்பு, 8 நடுநிலை என்று நிறைவேறியதும், அடுத்த ஆண்டு லயோலா கல்லூரி மாணவர்கள் உண்ணாவிரதம் உட்கார்ந்ததும் பலருக்கு இன்னும் நினைவிருக்கும். யார் ஆதரவு, யார் எதிர்ப்பு, இந்தியா என்ன செய்தது என்பதோடு நம் பேச்சு பெரும்பாலும் நின்றுவிடும். ஆப்பிரிக்க சர்வாதிகாரிகள் விஷயத்தில் அதே பேரவையும் மற்ற அமைப்புகளும் நடந்துகொண்ட விதத்தைக் கூர்ந்து பார்த்தால், விஷயம் வாக்கெடுப்புக்கு முன்னாலும் பின்னாலும்தான் முடிவாகிறது என்று தெரியும்.

பேரவையில் 47 இடங்கள், அதில் 13 ஆப்பிரிக்காவுக்கு. ஒரு நாட்டைப் பற்றிய தீர்மானம் நிகழ்ச்சி நிரலின் எந்த எண்ணின் கீழ் வருகிறது என்பதில்தான் முதல் இழுபறி. 4-ஆம் எண் என்றால் ‘கவனம் தேவைப்படும் நிலைமை’. சம்பந்தப்பட்ட அரசு விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் விசாரணை நடக்கலாம். 10-ஆம் எண் என்றால் ‘தொழில்நுட்ப உதவி’. அரசின் ஒத்துழைப்போடு, அதன் மனம் கோணாமல் செய்வது. குற்றம் சாட்டப்படும் அரசு 4-லிருந்து 10-க்கு நகர்த்தப் பாடுபடும். செய்தித்தாளில் இரண்டுமே ‘தீர்மானம் நிறைவேறியது’ என்றுதான் வரும்.

விசாரணைக் குழுவை அமைத்தால் மட்டும் போதாது, அதன் ஆயுளை நீட்டிக்கவும் வேண்டும். எத்தியோப்பியாவின் திக்ரே போர்க் குற்றங்களுக்காக 2021 டிசம்பரில் ஒரு நிபுணர் ஆணையம் அமைத்தார்கள். 2023 அக்டோபரில் அதை நீட்டிக்கக் கோரி ஒரு நாடுகூடத் தீர்மானம் கொண்டுவரவில்லை. ஆணையம் சத்தமில்லாமல் முடிந்துபோனது. எதிர்த்து வாக்களிக்க வேண்டிய சங்கடம்கூட யாருக்கும் ஏற்படவில்லை.

புருண்டியில் நேர்மாறு. 2016-இல் அமைக்கப்பட்ட விசாரணை ஆணையத்தை அந்த அரசு நாட்டுக்குள்ளேயே விடவில்லை. ஆணையம் அண்டை நாடுகளில் இருந்த அகதிகளிடம் வாக்குமூலம் வாங்கி அறிக்கை எழுதியது. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்திலிருந்து புருண்டி விலகுவது 2017 அக்டோபர் 27-இல் அமலாக இருந்தது. அதற்கு இரண்டு நாள் முன்பு, அக்டோபர் 25-இல், நீதிபதிகள் விசாரணைக்கு அனுமதி கொடுத்து, அதை முத்திரையிட்ட உத்தரவாக வைத்துக்கொண்டார்கள். வெளியே தெரிந்தது நவம்பரில். உறுப்பு நாடாக இருந்த காலத்துக் குற்றங்களுக்கு விலகல் தப்பிக்கும் வழி ஆகாது என்பது இப்படித்தான் நிலைநாட்டப்பட்டது.

ஆப்பிரிக்க ஒன்றியத்தைப் பொறுத்தவரை ஒரு விதி தெளிவாக இருக்கிறது: ராணுவம் ஆட்சியைப் பிடித்தால் உறுப்புரிமை இடைநிறுத்தம். 2007-இல் ஏற்கப்பட்டு 2012-இல் அமலுக்கு வந்த ஜனநாயக சாசனம் இன்னும் இரண்டு விஷயங்களைச் சொல்கிறது. அரசியல் சட்டத்தைத் திருத்தி ஆட்சி மாற்றத்தைத் தடுப்பதும் சட்டவிரோத ஆட்சிப் பறிப்புதான் என்கிறது 23-ஆம் பிரிவு. ஆட்சியைக் கவிழ்த்தவர்கள் அதற்குப் பின் வரும் தேர்தலில் நிற்கக்கூடாது என்கிறது 25-ஆம் பிரிவு. நடைமுறையில் இவை இரண்டும் ஏட்டுச் சுரைக்காய். கினியாவில் ஆல்ஃபா கொண்டே 2020-இல் அரசியல் சட்டத்தை மாற்றி மூன்றாம் முறையும் தேர்தலில் நின்றபோது இடைநிறுத்தம் இல்லை. 2021 செப்டம்பரில் ராணுவம் அவரைக் கவிழ்த்ததும் சில நாட்களிலேயே இடைநிறுத்தம் வந்தது. சாட் நாட்டில் 2021-இல் தந்தை இறந்ததும் ராணுவக் குழுவின் தலைவராக மகன் அமர்ந்தார். இடைநிறுத்தமே இல்லை, 2024-இல் அவரே தேர்தலில் நின்று வென்றார். காபோனில் 2023-இல் ஆட்சியைப் பிடித்த தளபதி 2025 ஏப்ரலில் அதிபராகத் தேர்வானார், உடனே இடைநிறுத்தமும் நீங்கியது. துப்பாக்கியோடு வருபவனை மட்டும் பிடித்து, பேனாவோடு வருபவனை விட்டுவிடும் காவல் இது. அடுத்த துப்பாக்கிக்காரனுக்குக் கைதட்டும் கூட்டத்தைத் திரட்டிக் கொடுப்பதே அந்தப் பேனாக்காரன்தான் என்பது என் கருத்து.

சரி, எது வேலை செய்தது? 2016 டிசம்பர் 1 தேர்தலில் காம்பியாவின் அப்போதைய அதிபர் யாயா ஜாமே தோற்றார், மறுநாள் ஒப்புக்கொண்டார், டிசம்பர் 9-இல் பேச்சை மாற்றினார். மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பான எக்கோவாஸ் தலைவர்கள் நேரில் போய்ப் பேசினார்கள், பயனில்லை. 2017 ஜனவரி 19-இல் வெற்றி பெற்ற அடாமா பாரோ, செனகல் தலைநகர் டாக்காரில் உள்ள காம்பியத் தூதரகத்தில் பதவியேற்றார். அன்றே ஐ.நா. பாதுகாப்பு அவை 2337-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. அந்தத் தீர்மானத்தில் படை பலத்துக்கு வெளிப்படையான அனுமதி இல்லை, அரசியல் வழிகளுக்கே முதலிடம் என்றுதான் இருக்கிறது. சட்டப் பிடிமானம் பாரோவின் வேண்டுகோள்: பதவியேற்ற அதிபர் கூப்பிட்டால் வரலாம். அதனால்தான் அந்தச் சிறிய தூதரக அறையில் அவசர அவசரமாகப் பதவியேற்பு நடந்தது. செனகல் படைகள் எல்லை தாண்டின. காம்பியத் தளபதி சண்டை போடப் போவதில்லை என்றார். 21-ஆம் தேதி ஜாமே விமானமேறி எக்குவடோரியல் கினியாவுக்குப் போனார்.

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். காம்பியா ஓர் ஆற்றின் இரு கரையிலும் ஒட்டிய பட்டை. மூன்று பக்கமும் செனகல், நான்காவது பக்கம் அட்லாண்டிக். வேறு வழியே இல்லாத நாட்டில், அடுத்த அதிபர் கையில் தேர்தல் முடிவோடு நின்றார். இரண்டும் சேர்ந்ததால் நடந்தது.

அதே எக்கோவாஸ் 2023 ஜூலை 26-இல் நைஜரில் நடந்த கவிழ்ப்புக்கு அதே மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. ஒரு வாரக் கெடு, எல்லை மூடல், பணப் பரிமாற்ற முடக்கம். நைஜீரியா மின்சாரத்தை நிறுத்தியது. நைஜரின் மின்சாரத்தில் ஏறத்தாழ 70 சதவீதம் அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. கோட்டோனு துறைமுகத்திலிருந்து வர வேண்டிய சரக்கு லாரிகள் பெனின் எல்லையில் நின்றன. மருந்து தட்டுப்பாடு, அரிசி விலை ஏற்றம். ஆனால் மாலியும் புர்கினா ஃபாசோவும், அங்கேயும் ராணுவ ஆட்சிதான், தங்கள் பக்கக் கதவைத் திறந்தே வைத்திருந்தன. கெடு முடிந்தது, படை வரவில்லை. சொல்லிவிட்டுச் செய்யாததில் மிரட்டலின் மதிப்பு போனது. 2024 பிப்ரவரியில் பெரும்பாலான தடைகளை விலக்கிக்கொண்டார்கள். மூன்று நாடுகளும் 2025 ஜனவரி 29-இல் எக்கோவாஸை விட்டே போய்விட்டன. இருட்டில் உட்கார்ந்தது நைஜர் தலைநகர் நியாமேயின் சாதாரண மக்கள்.

‘பொருளாதாரத் தடை’ என்று செய்தி வந்தால் எந்த வகை என்று பார்ப்பது நல்லது. தனிநபரின் சொத்து முடக்கம், ஆயுதத் தடை, கடன் தரும் நிறுவனங்களில் எதிர்த்து வாக்களிப்பு, முழு வணிகத் தடை என்று பல உண்டு. ஜிம்பாப்வே மீதான அமெரிக்காவின் 2001 சட்டம், உலக வங்கியிலும் பன்னாட்டு நிதியத்திலும் அந்த நாட்டுக்குக் கடன் கொடுப்பதை எதிர்க்கும்படி அமெரிக்கப் பிரதிநிதிகளுக்குச் சொன்னது. அதோடு ஆட்சியாளர்கள் பெயர்ப் பட்டியல் ஒன்று தனியாக இருந்தது. பட்டியல் சிறியதுதான், ஆனால் வெளிநாட்டு வங்கிகளுக்கு ‘ஜிம்பாப்வே’ என்ற பெயரே தலைவலி. ஒவ்வொரு வாடிக்கையாளரையும் சரிபார்க்கும் செலவுக்கு அந்த நாட்டு வங்கிகளோடு உறவையே துண்டிப்பது மலிவு. பட்டியலில் இல்லாத வியாபாரிக்கும் பணம் அனுப்ப முடியாமல் போகும். ஆளுங்கட்சிக்கோ இது வரப்பிரசாதம்: தன் நிர்வாகச் சீர்கேட்டில் வந்த 2008-ஆம் ஆண்டுப் பெரும் பணவீக்கத்துக்கும் தடையையே காரணம் காட்டலாம். 2024 மார்ச்சில் அமெரிக்கா அந்தப் பழைய பட்டியல் திட்டத்தை முடித்து, அதிபர் மனங்காக்வா உட்பட சிலரை மட்டும், மனித உரிமை மீறலுக்கும் ஊழலுக்கும் தனிநபர்களைக் குறிவைக்கும் மாக்னிட்ஸ்கி திட்டத்துக்கு மாற்றியது. 2001 சட்டத்தை அப்போது நீக்கவில்லை.

ஒப்பிட்டால் இந்தியாவின் பழைய வேலை வேறு ரகம். 1946-இல் தென்னாப்பிரிக்காவோடு வணிகத்தை நிறுத்தியபோது நம் ஏற்றுமதியில் 5 சதவீதத்துக்கு மேல் அங்கே போய்க்கொண்டிருந்தது. 1974 டேவிஸ் கோப்பை இறுதிப் போட்டிக்கு வந்தும், எதிரணி நிறவெறி தென்னாப்பிரிக்கா என்பதால் இந்தியா ஆட மறுத்தது. கோப்பை அவர்களுக்குப் போனது. அந்த இந்திய அணியில் நம்மூர் அமிர்தராஜ் சகோதரர்கள் இருந்தார்கள். எழும்பூரில் கோ-ஆப்டெக்ஸ் கட்டடத்துக்குத் தில்லையாடி வள்ளியம்மை பெயர் இருப்பதைத் தினமும் கடந்துபோகும் ஊர் இது. அந்தத் தலைமுறையின் எதிர்ப்பு, எதிர்த்தவர்களுக்கும் வலித்தது. இப்போதைய தடைகளில் பெரும்பாலானவை விதிப்பவருக்குச் செலவே வைப்பதில்லை.

பாதிக்கப்பட்டவர் நேரடியாகப் புகார் கொடுக்க ஓர் இடம் உண்டு: ஆப்பிரிக்க மனித, மக்கள் உரிமைகள் ஆணையம். அது இருப்பது பாஞ்சுலில், அதாவது ஜாமே 22 ஆண்டு ஆண்ட காம்பியாவின் தலைநகரிலேயே. ஆப்பிரிக்க மனித, மக்கள் உரிமைகள் சாசனத்தின் 56-ஆம் பிரிவு ஏழு நிபந்தனை வைக்கிறது. புகார்தாரர் பெயர் இருக்க வேண்டும், வெளியிட வேண்டாம் என்று கேட்கலாம். பத்திரிகைச் செய்தி மட்டுமே ஆதாரமாக இருக்கக்கூடாது. உள்நாட்டு நீதிமன்றங்களை முயன்று பார்த்திருக்க வேண்டும், அங்கே வழக்கு தேவையில்லாமல் இழுத்தடிக்கப்பட்டால் விலக்கு உண்டு. பலர் சறுக்குவது மொழியில். அரசை இழிவுபடுத்தும் சொற்கள் கூடாது. கேமரூன் மனித உரிமை அமைப்பு ஒன்று, அரசை ‘சித்திரவதைக்காரர்களின் ஆட்சி’ என்று எழுதியதைக் காரணம் காட்டி ஆணையம் 1997-இல் அந்தப் புகாரை ஏற்க மறுத்தது. புகாரே சித்திரவதையைப் பற்றியதுதான்! அபத்தம்தான், ஆனால் மனு எழுதுபவர் அடைமொழிகளை வெட்டி, தேதி, இடம், அதிகாரியின் பதவி, காயத்தின் விவரம் என்று எழுதினால் இந்தக் கல்லில் இடறமாட்டார். அருஷாவில் உள்ள ஆப்பிரிக்க நீதிமன்றத்துக்குத் தனிநபர் போக வேண்டுமானால், அவருடைய நாடு அதற்கென்று தனியாக ஒப்புதல் அறிவிப்பு கொடுத்திருக்க வேண்டும். ருவாண்டா 2016-இலும், நீதிமன்றம் இருக்கும் தான்சானியாவே 2019-இலும், பெனினும் ஐவரி கோஸ்டும் 2020-இலும் அதைத் திரும்பப் பெற்றுவிட்டன.

சாட்சி எப்படிக் கரைகிறது என்பதற்குக் கென்யா. 2007 தேர்தலுக்குப் பிந்தைய கலவரத்தில் 1,100 பேருக்கு மேல் இறந்தார்கள். விசாரணை ஆணையம் முக்கியப் பெயர்களை உறையில் போட்டு, சமரசம் பேசிய முன்னாள் ஐ.நா. பொதுச் செயலர் கோஃபி அன்னானிடம் கொடுத்தது. உள்நாட்டுத் தீர்ப்பாயம் அமையாததால் அந்த உறை தி ஹேக்கில் உள்ள சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்குப் போனது. குற்றம் சாட்டப்பட்ட கென்யாட்டாவும் ரூட்டோவும் 2013-இல் அதிபரும் துணை அதிபரும் ஆனார்கள். சாட்சிகள் ஒவ்வொருவராகப் பின்வாங்கினார்கள். அவர்களின் பழைய வாக்குமூலங்களை ஆதாரமாகச் சேர்க்க நீதிமன்றத்தின் வழக்குத் தொடுக்கும் தரப்பு முயன்றது. அதற்கான விதித் திருத்தம் வழக்கு தொடங்கிய பின் வந்தது, முன்தேதியிட்டுப் பயன்படுத்தக்கூடாது என்று மேல்முறையீட்டு அமர்வு சொல்லிவிட்டது. 2016 ஏப்ரலில் ரூட்டோ வழக்கும் விழுந்தது. மனிதச் சாட்சியை மட்டுமே நம்பி, ஆட்சியில் இருப்பவர் மேல் வழக்குப் போட்டால் இதுதான் நடக்கும்.

அதனால்தான் ஹிசேன் ஹாப்ரே வழக்கை நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். 1982 முதல் 1990 வரை சாட் நாட்டை ஆண்டு, செனகலுக்கு ஓடியவர். அவருடைய ரகசியக் காவல் துறையின் சிறைகளில் ஒன்று நீச்சல் குளத்தின் மேல் கான்கிரீட் போட்டு மூடிக் கட்டியது. அந்தச் சிறைகளில் இரண்டு ஆண்டுக்கு மேல் கிடந்த கணக்காளர் சுலைமான் கெங்கெங், வெளியே வந்ததும் மற்றவர்களின் கதைகளை எழுதி வாங்கத் தொடங்கினார். 792 வாக்குமூலங்கள். மிரட்டல் வந்தபோது வீட்டுக்குள் ஒளித்து வைத்தார். 2001-இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் ஆட்கள் அந்தக் காவல் துறையின் கைவிடப்பட்ட தலைமையகத்துக்குள் போனபோது, தரையெங்கும் காகிதக் குவியல். கைதிகள் பட்டியல், இறப்புச் சான்று, விசாரணைக் குறிப்பு. அதில் 12,321 பேர் பெயர், அவர்களில் 1,208 பேர் காவலில் இறந்தவர்கள். 898 கைதிகளைப் பற்றி ஹாப்ரேவுக்கே நேரடியாகப் போன 1,265 கடிதங்கள். ‘எனக்குத் தெரியாது’ என்ற வாதத்தை அடைத்தவை இந்தக் கடிதங்கள்தான். தன் கொடுமையைத் தானே பதிவு செய்துவைத்த அலுவலகம்!

ஆனாலும் பாதை நேராக இல்லை. 2000-இல் டாக்கார் நீதிபதி குற்றம் சாட்டினார். 2001-இல் செனகல் உச்ச நீதிமன்றம், வெளிநாட்டில் நடந்த சித்திரவதையை விசாரிக்க உள்நாட்டுச் சட்டம் இல்லை என்று தள்ளியது. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டும் சட்டம் இயற்றாமல் விட்ட ஓட்டை அது. பெல்ஜியம் நாடு கடத்தக் கேட்டது, செனகல் இழுத்தடித்தது. 2012 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம், விசாரி, இல்லாவிட்டால் ஒப்படை என்றது. செனகலில் ஆட்சியும் மாறியிருந்தது. ஆப்பிரிக்க ஒன்றியத்தோடு சேர்ந்து தனி அமர்வு, பட்ஜெட் சுமார் 86 லட்சம் யூரோ. 2016 மே 30-இல் ஆயுள் தண்டனை.

மேல்முறையீட்டில் ஒரு பகுதி மட்டும் நழுவியது. ஹாப்ரேவே நேரில் செய்ததாக ஒரு பெண் சொன்ன பாலியல் வன்முறைக் குற்றச்சாட்டு, ஆரம்பக் குற்றப்பத்திரிகையில் இல்லை. அவரை நம்பவில்லை என்று நீதிபதிகள் சொல்லவில்லை, நடைமுறைப்படி பிந்திவிட்டது என்றார்கள். ருவாண்டா இனப்படுகொலையை விசாரித்த ஐ.நா. தீர்ப்பாயத்தின் அகாயேசு வழக்கில் இதே நிலை வந்தபோது, சாட்சியம் வெளிவந்ததும் குற்றப்பத்திரிகையை இடையில் திருத்தினார்கள். 1998-இல் பாலியல் வன்முறை இனப்படுகொலையின் கருவி ஆகலாம் என்று தீர்ப்பு வந்தது. அந்த மூன்று நீதிபதிகளில் ஒருவர் டர்பன் தமிழரான நவநீதம் பிள்ளை.

ஹாப்ரே 2021-இல் கொரோனாவில் இறந்தார். 7,396 பேருக்கு ஏறத்தாழ 8,200 கோடி சீஃபா பிராங்க் இழப்பீடு என்று தீர்ப்பு இருக்கிறது. அவர் சொத்திலிருந்து தேறியது சொற்பம், சாட் அரசு ஒரு பகுதியைக் கொடுக்க ஆரம்பித்ததே 2024-இல்.

காம்பியாவில் பாதிக்கப்பட்டவர்கள் இதே பாதையைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஜாமேயின் உள்துறை அமைச்சருக்கு சுவிட்சர்லாந்து 2024-இல் 20 ஆண்டு கொடுத்தது. ஜாமேயின் கொலைப்படை ஓட்டுநருக்கு ஜெர்மனியில் ஆயுள். 2024 டிசம்பரில் எக்கோவாஸ், காம்பியாவுக்கென்று சிறப்புத் தீர்ப்பாயம் அமைக்க ஒப்புக்கொண்டது. இனி அதற்குப் பணம் யார் தருவது என்பதும், எக்குவடோரியல் கினியாவின் ஒபியாங், 1979 முதல் ஆட்சியில் இருப்பவர், தன் விருந்தாளியைக் கையளிப்பாரா என்பதும் பாக்கி.