லாங்ஸ் கடையும் ராணியின் அரண்மனையும்

ஹவாய்த் தீவுகளின் தலைநகரான ஹொனலுலுவுக்குக் குடிவந்த புதிதில் பாளையங்கோட்டையிலிருந்து போன் செய்தவர்கள் எல்லாரும் கேட்டது இங்கத்து ஹூலா நடனத்தைத்தான். "பார்த்தாச்சா? வீடியோ அனுப்பு." வைகிக்கி கடற்கரை ஹோட்டல் ஒன்றில் விருந்தோடு சேர்ந்த ஆட்டம் பார்த்து, வீடியோவும் அனுப்பினேன். அதில் தீக்கத்தி சுழற்றியது சமோவா ஆட்டம், இடுப்பை வெட்டி வெட்டி ஆடியது தஹிதி ஆட்டம் என்று பக்கத்து வீட்டு ஆன்ட்டி சொன்னார். "அதெல்லாம் வந்துபோகிறவர்களுக்கு. நீ இங்கே வாடகை கட்டுகிறவள். குமு கஹுவாவுக்குப் போ." (இங்கே வயதில் மூத்தவர்கள் எல்லாருமே ஆன்ட்டி, அங்கிள்தான். அந்த ஒரு விஷயத்தில் நான் புதிதாகப் பழக ஒன்றுமில்லை.)

குமு கஹுவா 1971இல் ஹவாய் பல்கலைக்கழக மாணவர்கள் தங்கள் பேராசிரியரோடு சேர்ந்து தொடங்கிய நாடகக் குழு. மெர்ச்சன்ட் தெருவில், ஐந்தாம் கமேஹமேஹா மன்னர் பெயரிலுள்ள பழைய தபால் நிலையக் கட்டடத்தில் நடக்கிறது. சுமார் நூறு பேர் உட்காரலாம். முன்வரிசையில் உட்கார்ந்தால் நடிகரின் கழுத்து வியர்வை தெரியும்.

நான் முதலில் பார்த்தது ஒரு குடும்பக் கதை. பாட்டி செத்துப் போகிறாள். வீட்டை விற்பதா வேண்டாமா என்று அண்ணனுக்கும் தங்கைக்கும் சண்டை. அண்ணன் ஏற்கெனவே லாஸ் வேகாஸுக்குக் குடிபோய்விட்டவன். ஹவாயில் வீட்டு விலை கட்டுப்படியாகாமல் அத்தனை பேர் அங்கே போய்விட்டார்கள், அதனால் அந்த ஊரை ஒன்பதாம் தீவு என்றே சொல்கிறார்கள். நடிகர்கள் பேசியதெல்லாம் பிட்ஜின், இங்கத்துப் பேச்சுமொழி. எனக்குப் பாதிதான் புரிந்தது, எல்லாரும் சிரித்து முடித்த பிறகு நான் சிரித்தேன். ஆனால் அண்ணன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் காட்சியில் அரங்கில் பலர் மூக்கை உறிஞ்சியபோது சிரமமில்லாமல் புரிந்தது. நாங்கள் இருப்பதும் அப்படி யாரோ காலி செய்துவிட்டுப் போன வீடுதான். இதை யாரும் என்னிடம் குத்திக்காட்டியதில்லை. நாடகமும் குத்திக்காட்டவில்லை. நானாக உறைத்துக்கொண்டேன்.

பிட்ஜினைக் 'கொச்சை இங்கிலீஷ்' என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. கரும்புத் தோட்டங்களில் சீனர், ஜப்பானியர், போர்த்துகீசியர், பிலிப்பினோக்கள், ஹவாயியர் எல்லாரும் ஒருவரோடொருவர் பேசியாக வேண்டிய கட்டாயத்தில் பிறந்த பேச்சு அது. மொழியியலாளர்கள் அதைத் தனி மொழியாகவே கணக்கில் வைக்கிறார்கள். பள்ளிக்கூடங்கள் அதை அடித்துத் திருத்தப் பார்த்தன. மேடையில் அதற்கு இடம் கொடுத்தது குமு கஹுவா போன்ற குழுக்கள். லீ கட்டலூனா என்கிற இங்கத்து நாடகாசிரியர் லாங்ஸ் மருந்துக்கடையில் எதிர்ப்படும் மனிதர்களை மட்டுமே வைத்து ஒரு நாடகம் எழுதியிருக்கிறார். லாங்ஸ் என்றால் மருந்து மட்டுமில்லை. ஸ்பாம் என்கிற டின் இறைச்சி, ரப்பர் செருப்பு, உப்புப் பிளம், பள்ளிக்கூட நோட்டு எல்லாம் அங்கேதான். கம்பெனி கைமாறியும் ஹவாயில் மட்டும் பெயர்ப்பலகையை மாற்றத் துணியவில்லை. அந்த வரிசையில் நின்றுதான் நானும் பிட்ஜினுக்குக் காது பழகினேன். முன்னால் நிற்பவர் என்னைத் திரும்பிப் பார்த்து, எந்த ஹைஸ்கூல் என்பார். நம்மூரில் 'நீங்க யார் வீடு?' என்று கேட்பது மாதிரிதான். பதிலை வைத்தே எந்தப் பக்கம், என்ன வசதி, யாருக்கு யார் உறவு என்று கணக்குப் போட்டுவிடுவார்கள். பாளையங்கோட்டை ஸ்கூல் பெயரைச் சொன்னால் அந்தக் கணக்கு அப்படியே நின்றுவிடும்.

இன்னொன்றும் இங்கே வந்துதான் தெரிந்தது. ஹவாயில் பிறந்தவர் எல்லாரும் ஹவாயியர் இல்லை. அந்தப் பெயர் பூர்வகுடிகளுக்கு மட்டும். மற்றவர்கள், நாலு தலைமுறையாக இருந்தாலும், 'லோக்கல்'. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசினால் முகம் சுருங்கும்.

ஏன் சுருங்குகிறது என்பதை இயோலானி அரண்மனைத் தோட்டத்தில் பார்த்தேன். விக்டோரியா நலானி நூபுல் எழுதிய நடைநாடகம் அது. கூட்டத்தைப் பிரித்து, அரண்மனை வளாகத்துக்குள் ஒவ்வோரிடமாக அழைத்துப் போகிறார்கள். ஆங்காங்கே அந்தக் காலத்து மனிதர்களாக நடிகர்கள் நின்று பேசுகிறார்கள். 1893 ஜனவரி 16 அன்று அமெரிக்கப் போர்க்கப்பலிலிருந்து படை கரையிறங்கியது. மறுநாள் ஹவாய் ராஜ்யத்தின் கடைசி ராணி லிலியுஓகலானியின் ஆட்சி கவிழ்ந்தது. அதே அரண்மனையில் 1895இல் அவரை ஒரு மாடி அறைக்குள் மாதக்கணக்கில் அடைத்து வைத்தார்கள். நாம் நிற்கும் புல்தரையில் இருந்து அண்ணாந்தால் அந்த மாடி தெரிகிறது. 1993இல், சரியாக நூறாண்டு கழித்து, இதே ஆசிரியர் அந்த நாட்களை நடந்த இடங்களிலேயே நாடகமாக நடத்தியிருக்கிறார். மியூசியத்தில் இதையெல்லாம் கண்ணாடிக்குள் வைத்துக் காட்டுவார்கள்தான். ஆனால் ஒரு பெண் கைக்கெட்டும் தூரத்தில் நின்று 'எங்கள் ராணியை என்ன செய்தீர்கள்' என்கிற மாதிரி பார்க்கும்போது கண்ணாடி எதுவும் குறுக்கே இல்லை.

1897இல், ஹவாயை அமெரிக்காவோடு இணைக்கக் கூடாது என்று 21,000க்கும் மேற்பட்டவர்கள் மனுவில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். மறு வருஷம் இணைத்துவிட்டார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில், கூட வந்திருந்த பக்கத்து வீட்டு ஆன்ட்டி போனை நீட்டினார். மனுவின் ஒரு பக்கம், கோணல்மாணலான பழைய கையெழுத்துகள். ஒன்றை விரலால் பெரிதாக்கி, "என் பாட்டியோட அம்மா" என்றார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மே ஒன்றாம் தேதி இங்கே பூமாலை நாள். பள்ளிக்கூட மைதானமே மேடை. ஒவ்வொரு வகுப்பும் ஹூலா ஆடும். எட்டுத் தீவுக்கும் ஒவ்வொரு நிறம், ஒவ்வொரு மாலை, ராஜா ராணி வேஷம் வேறு. என் மகளின் வகுப்புக்கு மாவி தீவு, அதாவது இளஞ்சிவப்பு. முதல் நாள் சாயங்காலம் அம்மாக்கள் கூடி மாலை கட்டினோம். அவர்கள் நீள ஊசியில் பூவின் நடுவே குத்திக் கோர்க்கிறார்கள். நான் நூலை விரலில் சுற்றி, இரண்டிரண்டாக வைத்து முடிச்சுப் போட்டுக் கட்டினேன். பிளுமேரியா, நம்ம ஊர் பெருங்கள்ளி, காம்பு தடிமன். மல்லிகை மாதிரி அடங்காது. ஆனாலும் நாலு பேர் சுற்றி நின்று பார்த்தார்கள், ஒருத்தி கற்றுக்கொண்டும் விட்டாள்.

மகள் ஆடும்போது கைகள் அலையும் மழையுமாகச் சரியாக வந்தன, இடுப்புதான் பரதநாட்டியக்காரி மாதிரி விறைத்து நின்றது. அடுத்த வருஷம் அவள் வகுப்புக்குக் காவாய் தீவாம், ஊதா நிறம். அந்தத் தீவின் மாலைக்கான மோகிஹானா காய் அங்கே மட்டுமே காய்க்கும், இங்கே கிடைக்காது. அதற்குப் பதில் என்ன வைப்பது என்று இப்போதே வாட்ஸப் குழுவில் சண்டை தொடங்கிவிட்டது.