எண்பது சதுரம்

அக்டோபர் 23, 2023, திங்கள் (ஐப்பசி 6)

ஆயுத பூஜை. காலையிலேயே தையல் மிஷினைத் துடைத்து, எண்ணெய் விட்டு, சக்கரத்தைக் கொஞ்சம் சுற்றிவிட்டு, சந்தனமும் குங்குமமும் வைத்தேன். என் ஆயா (பாட்டி) காலத்து மிஷின். கறுப்பு உடம்பில் தங்கப் பூ வேலை பாதி தேய்ந்துவிட்டது. கத்தரிக்கோல் இரண்டு, இஞ்ச் டேப், பாபின் டப்பா எல்லாம் தாம்பாளத்தில் அதன் முன்னால் இருக்கின்றன. நாளை விஜயதசமிக்கு எடுத்து இரண்டு தையலாவது ஓட்டும்வரை எதையும் தொடுவதில்லை. கைக்கு வேலை இல்லாத நாள் என்பதால் பெட்டியைத் திறந்து, எதெல்லாம் பாதியில் நிற்கிறது என்று பார்த்தேன்.

முதலில் தீபாவளி வேலை. அண்ணன் பேத்திக்குப் பட்டுப் பாவாடை சட்டை, வீட்டில் ஒத்தாசைக்கு வரும் பெண்ணுக்கு இரண்டு ஜாக்கெட். அப்புறம் ஊஞ்சல் மெத்தைக்கு உறை. பழைய உறை கிழிந்து இலவம்பஞ்சு வெளியே வருகிறது. போன வருஷம் ஆத்தங்குடித் தரைக்கல் பூ மாதிரியில் ஆரம்பித்துப் பதினோரு கட்டத்தோடு நிற்கும் பெரிய போர்வை ஒன்று.

மனசு முழுக்க இருப்பது இன்னொன்று. மகளுக்கு மார்கழியில் பிரசவம். வரப்போகிற பிள்ளைக்கு ஆயாவின் கண்டாங்கிச் சேலையில் ஒட்டுப் போர்வை தைக்க வேண்டும். இப்போது எல்லோரும் குயில்ட் என்கிறார்கள். சேலையை வெளியே எடுத்து வைத்து மூன்று மாதம் ஆகிறது, இன்னும் கத்தரி படவில்லை.

அக்டோபர் 27, வெள்ளி (ஐப்பசி 10)

பாவாடை முடிந்தது. ஆறு வயசுப் பிள்ளை, வளர்கிற உடம்பு. அதனால் கீழே ஒரு இஞ்ச் அகலத்தில் இரண்டு டக் (மடிப்புத் தையல்) வைத்தேன். ஒரு டக் இரண்டு இஞ்ச் துணியை உள்ளே பிடித்துக்கொள்ளும். ஆக நாலு இஞ்ச் பத்திரமாக இருக்கிறது. அடுத்த தீபாவளிக்கு ஒன்றைப் பிரிக்கலாம், அதற்கடுத்த வருஷம் இன்னொன்றை. ரெடிமேடில் இந்த வசதி இல்லை. பட்டில் மட்டும் ஒரு கவனம் வேண்டும்: தையல் நெருக்கமாக விழுந்தால் பிரிக்கும்போது ஊசித் தடம் தெரியும். டக்குக்கு எப்போதுமே தையலைப் பெரிதாக வைத்துக்கொள்கிறேன்.

அக்டோபர் 31, செவ்வாய் (ஐப்பசி 14)

மத்தியானம் பிடித்த மழை. கரண்ட் இல்லை. மிதி மிஷினுக்கு அது ஒரு தடையே இல்லை, முற்றத்து வெளிச்சம் போதும் என்று முற்றத்தைச் சுற்றியுள்ள வளவுப் பத்திக்கு மிஷினை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஆனால் தோல் பெல்ட் தொய்ந்து, மிதித்தால் சக்கரம் வழுக்கியது. பெல்ட்டைக் கழற்றி, அரை இஞ்ச் நறுக்கி, திரும்ப ஓட்டை போட்டுக் கம்பி மாட்டினேன். அப்புறம் நன்றாக ஓடியது.

இரண்டு ஜாக்கெட்டும் ஆயிற்று. கொக்கி மட்டும் பாக்கி. லைனிங் துணியை முதல் நாளே தண்ணீரில் நனைத்துக் காயப்போட்டு அப்புறம்தான் வெட்டினேன். அதைச் செய்யாமல் விட்டால் முதல் சலவையில் லைனிங் சுருங்கி, மேல்துணி கொப்புளம் கொப்புளமாக நிற்கும். "ஆச்சி, கழுத்து ரொம்ப இறக்க வேணாம்" என்று அவள் மூன்று தடவை சொல்லியிருந்தாள். அளவு ஜாக்கெட்டில் உள்ளபடியே வைத்திருக்கிறேன்.

நவம்பர் 3, வெள்ளி (ஐப்பசி 17)

இன்று கண்டாங்கியை எடுத்தேன். அரக்கு நிறம், கடுகு மஞ்சள் கட்டம், அகலமான கறுப்புக் கரை. ஆயா இதைப் பின்கொசுவம் வைத்துக் கட்டி, இடுப்பில் சாவிக்கொத்தோடு வீட்டின் உள்பக்க இரண்டாங்கட்டுக்கும் வாசல் பக்க முகப்புக்கும் நடந்தது என் கண்ணில் இருக்கிறது. காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது இந்தச் சேலையைத்தான் நினைத்தேன்.

மகளிடம் போனில் சொன்னதும், "ஆத்தா, அதை வெட்டாதீங்க, அப்படியே இருக்கட்டும்" என்றாள். எனக்கும் அதே பயம்தான் மூன்று மாதமாக. ஆனால் சேலையைத் தூக்கி முற்றத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்ததும் தெளிவாகிவிட்டது. கொசுவம் வந்த இடம் வலை மாதிரி ஆகிவிட்டிருக்கிறது. இடுப்பில் செருகும் ஓரத்தில் விரல் பட்டாலே கிழிகிறது. மடிப்பில் வைத்தே இருந்தால் மடிப்போடு இற்றுப்போகும். முந்தியும், உள்சுற்றில் இருந்த துணியும்தான் இன்னும் உறுதியாக இருக்கின்றன. அந்த உறுதியான பாகம் ஒரு பிள்ளையைச் சுற்றிக்கொண்டு இருக்கட்டும். அவளிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, நல்லா இருக்கிற பக்கமா வெட்டுங்க" என்றாள்.

கணக்கு இது: அகலம் 36 இஞ்ச், நீளம் 45. தைத்த பின் நாலரை இஞ்ச் வரும்படி ஐந்து இஞ்ச் சதுரமாக வெட்டினால் குறுக்கே எட்டு, நெடுக்கே பத்து, ஆக எண்பது. நல்ல துணியாகக் கண்டாங்கியில் நாற்பத்தாறு தேறும். அயித்தையின் வெளிர் நிறச் சுங்குடியில் இருபது. மீதிப் பதினாலுக்குப் புதுச் சிவப்புப் பருத்தி வாங்கி வந்திருக்கிறேன்.

நவம்பர் 6, திங்கள் (ஐப்பசி 20)

வெட்டிவிட்டேன். கண்டாங்கியில் கோடு போடவே வேண்டியதில்லை. கட்டம் நூலோடு நூலாக நேராகப் போகிறது. சுங்குடியில் அந்த வசதி இல்லாததால் பழைய வழிதான்: ஓரத்தில் ஓர் இழையை ஊசியால் நெம்பி மெதுவாக உருவினால், துணியில் ஒரு மெல்லிய பாதை விழும். அந்தப் பாதையிலேயே கத்தரியை விட்டால் நேராக வரும். சாக்பீஸ் கோடு கொஞ்சம் விலகலாம், உருவிய இழை விலகாது. ஆயா தலையணை உறைக்கு இப்படித்தான் வெட்டுவார்கள்.

கத்தரி முதலில் பட்டபோது கை நடுங்கியது. மூன்றாவது சதுரத்துக்குப் பிறகு சரியாகிவிட்டது.

தைக்கும்போது ஓரத்தில் விடும் பிடித்தம் கால் இஞ்ச், அதாவது இரண்டு நூல் (நூல் என்பது இங்கே இஞ்சில் எட்டில் ஒரு பங்கு). இதில் ஏமாறக் கூடாது. எட்டு சதுரம் உள்ள வரிசையில் ஏழு தையல். ஒவ்வொன்றிலும் ஒரு நூல் கூடப் பிடித்தால் இரண்டு பக்கத் துணியிலும் சேர்த்து இரண்டு நூல் போகும். ஏழு தையலுக்குப் பதினாலு நூல், ஒன்றே முக்கால் இஞ்ச். ஒரு வரிசை அப்படிக் குறைந்தால் அடுத்த வரிசையோடு மூலை சேராது. மிஷின் தகட்டில் டேப் ஒட்டி, அதையே ஓரமாக வைத்துத் தைக்கிறேன்.

நவம்பர் 9, வியாழன் (ஐப்பசி 23)

மனசு கஷ்டமான நாள். தைத்த நாலு வரிசையைப் பத்தியில் விரித்து வைத்துவிட்டுத் தூங்கிவிட்டேன். ராத்திரி மழைச் சாரல் உள்ளே அடித்திருக்கிறது. காலையில் பார்த்தால் புதுச் சிவப்பு சாயம் விட்டு, பக்கத்துச் சுங்குடியில் ரோஜா நிறமாகப் படர்ந்திருந்தது. ஐந்து சதுரம் போயிற்று. அயித்தை சேலை, அதுதான் வருத்தம். ஜாக்கெட் லைனிங்கை அவ்வளவு அக்கறையாக நனைத்தவள், இந்தச் சிவப்பை நனைக்காமல் வெட்டியது என் அவசரம்.

உப்புத் தண்ணீரில் போட்டால் சாயம் நிற்கும் என்று பலர் சொல்வார்கள். என் அனுபவத்தில் நின்றதில்லை. போக வேண்டிய சாயம் போய்விட வேண்டும், அவ்வளவுதான். சிவப்புச் சதுரம் பதினாலையும் பிரித்து, வெந்நீரில் சோப்புப் போட்டு அலசினேன். முதல் தண்ணீர் ரத்தச் சிவப்பு, இரண்டாவது கொஞ்சம் வெளிறல், நாலாவது தண்ணீர் தெளிவாக வந்தது. ஈரத்தோடு ஒரு வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்தேன், ஒட்டவில்லை. சுங்குடியில் இன்னும் ஐந்து சதுரம் வெட்ட இடம் இருந்தது. கண்டாங்கி அத்தனை மழைச் சாரலுக்கும் ஒரு சொட்டு நிறம் விடவில்லை.

நவம்பர் 12, ஞாயிறு (ஐப்பசி 26)

தீபாவளி. ஊசியைத் தொடவில்லை. அண்ணன் பேத்தி பாவாடையை விரித்துச் சுற்றிச் சுற்றி ஆடினாள்.

நவம்பர் 17, வெள்ளி (கார்த்திகை 1)

ஊஞ்சல் உறை முடிந்து மாட்டியாயிற்று. அதில் எழுத ஒன்றும் இல்லை, நேர்த் தையல்தான்.

ஆத்தங்குடிப் போர்வையை எடுத்துப் பார்த்தேன். இரண்டாங்கட்டுத் தரையில் ட்ரேசிங் தாளை விரித்து, அந்த எட்டு இஞ்ச் கல்லின் பூவை அப்படியே வரைந்து எடுத்தது. வளைந்த இதழை இதழோடு இணைத்துத் தைக்கப் பார்த்துத்தான் போன வருஷம் நின்றுபோனேன். வளைவில் ஒரு துணி இழுக்கும், இன்னொன்று சுருங்கும். இனி அப்படி வேண்டாம். இதழைத் தனியாக வெட்டி, ஓரம் மடித்து, அடித்துணிமேல் வைத்துக் கையால் தைக்கப் போகிறேன்.

ஆத்தங்குடியில் கல் செய்வதைப் பார்த்திருக்கிறேன். கண்ணாடிமேல் அச்சை வைத்து, கலர் சிமெண்டுக் குழம்பை ஒவ்வொரு அறையிலும் கையால் ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, மேலே சிமெண்டும் மணலும் போட்டு அழுத்துவார்கள். பூ முழுக்கக் கண்ணாடிப் பக்கம், கீழே பார்த்தபடி இருக்கும். அப்புறம் தண்ணீரில் ஊறி, வெயிலில் காய வேண்டும். செய்கிறவருக்குக் கடைசி வரை முதுகுதான் தெரியும். தையலிலும் இரண்டு துணியின் நல்ல பக்கத்தை உள்ளே வைத்துத்தான் தைக்கிறோம், திருப்பினால்தான் முகம். இதை நினைத்தபோது அந்தப் போர்வைமேல் திரும்ப ஆசை வந்தது. ஆனாலும் மடித்து உள்ளே வைத்தேன். தை பிறந்து எடுக்கலாம், பிள்ளை முந்தி.

நவம்பர் 22, புதன் (கார்த்திகை 6)

மகள் வந்துவிட்டாள். நடக்கச் சொன்னால் பத்தியையே சுற்றிச் சுற்றி வருகிறாள், ஒவ்வொரு சுற்றுக்கும் நின்று போர்வையைத் தொட்டுப் பார்க்கிறாள்.

எண்பது சதுரமும் சேர்ந்து மேல்துணி தயார். நடுவில் பஞ்சு வைக்கவில்லை. நம் ஊருக்கு அந்தக் கனம் தேவையில்லை, துவைத்தால் மழைநாளில் காயவும் செய்யாது. அப்பச்சியின் (என் அப்பாவின்) பழைய வேட்டியை ஒற்றையாக நடுவில் விரித்தேன். எத்தனையோ சலவை கண்டு பூ மாதிரி ஆகியிருக்கிறது. அடியில் புது மல் துணி, நன்றாக அலசியது. மூன்றையும் தரையில் சுருக்கமில்லாமல் நீவி, நடுவிலிருந்து வெளியே பெரிய பெரிய இழையாக ஓட்டிப் பிடித்துக்கொண்டேன். ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் சுருக்கமெல்லாம் நடுவில் போய்த் தங்கும்.

மூன்றும் ஒட்டி நிற்க வேண்டுமே, அதற்குக் கையால் ஓட்டுத் தையல், ஒவ்வொரு சதுரத்துக்குள்ளும் ஒரு சின்ன சதுரமாக. மிஷினில் ஒரு நாளில் முடிந்துவிடும். ஆனால் பழந்துணிக்கு மிஷின் தையல் விறைப்பு, இழை அறுபடும். ஒரு சாயங்காலத்துக்கு ஏழெட்டுச் சதுரம் ஆகிறது. முடிச்சை மேலே விடாமல் வேட்டி அடுக்குக்குள் இழுத்து மறைக்கிறேன், பிள்ளையின் தோலில் உரசக் கூடாது.

நவம்பர் 26, ஞாயிறு (கார்த்திகை 10)

திருக்கார்த்திகை. முகப்பிலிருந்து இரண்டாங்கட்டு வரை விளக்கு வைத்தோம். மழை ஓய்ந்திருந்தது, முற்றத்து ஓரத்தில் வைத்தவைகூட அணையவில்லை.

இன்னும் முப்பது சதுரத்துக்கு ஓட்டுத் தையல் இருக்கிறது. ஆனால் மகள் ஓரம் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டதால் கறுப்புக் கரையை நீளமாக வெட்டி ஒரு பக்கம் வைத்துப் பார்த்தோம். கரைத் துணியைப் புரட்டும்போது ஒரு முனையில் சின்னதாகக் கறுப்புப் புள்ளியும் இரண்டு கோடும் இருந்தன. சலவைக் குறி. சேங்கொட்டைச் சாற்றில் போட்டது. எந்த வீட்டுத் துணி என்று தெரிவதற்காகப் போடுவார்கள், துவைத்தால் போகாது. இத்தனை வருஷம் இந்தச் சேலையை வைத்திருந்தும் இதை நான் பார்த்ததில்லை.

"இது எங்க வரும்?" என்று மகள் கேட்டாள். அடிப்பக்கம், கால்மாட்டு மூலையில், அரை இஞ்ச் மடிப்பு விட்டுத் தனியாக வைத்துத் தைக்கப் போகிறேன். அவளே குண்டூசி குத்தி இடம் பார்த்துக் கொடுத்தாள்.

பிள்ளையார் நோன்புக்கு இழை எடுக்கத் தொடங்க வேண்டும். கோடி வேட்டியில் நாளுக்கு ஓர் இழை, இருபத்தோரு நாள். நோன்பு அன்று அந்த இழைகளைத் திரியாக்கி, மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்வோம். வேட்டியை எடுத்து, போர்வைக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். இன்று ராத்திரி விளக்குகள் எரிந்து முடிவதற்குள் இரண்டு சதுரமாவது ஓட்டிவிடலாம்.