மூன்று அங்குல மடிப்பு

“வளர்ற பையன். மடிப்பு எவ்வளவு விடட்டும்?” என்று கேட்டார் டெய்லர் பாய்.

நான் இரண்டு அங்குலம் என்றேன். அதே நேரத்தில் என் வீட்டுக்காரர் நான்கு என்றார். பாய் எங்கள் இருவரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, நோட்டில் 3 என்று எழுதி அடியில் கோடு போட்டுக்கொண்டார். இத்தனை வருஷமாக எங்களைப் போல எத்தனை பேரைப் பார்த்திருப்பார்!

எங்களுக்கு இரட்டைப் பிள்ளைகள். மகன் ஏழு நிமிஷம் மூத்தவன். மகள் ஏழு வருஷம் மூத்தவள் போல நடந்துகொள்வாள். இருவரும் எங்கள் ஊர் நடுநிலைப்பள்ளியில் எட்டு முடித்துவிட்டு, மன்னார்குடிப் பக்கம் ஒரு மேல்நிலைப்பள்ளிக்கு ஒன்பதாம் வகுப்புக்குப் போகிறார்கள். சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் நாலு செட் சீருடை எட்டாம் வகுப்போடு நின்றுவிடும். அதனால்தான் துணி வாங்கிக்கொண்டு பாயிடம் வந்து நிற்கிறோம். ஆல் பாஸும் எட்டோடு சரி. அதை நினைத்தால் எனக்குத்தான் வயிற்றைக் கலக்குகிறது, அவர்களுக்கு இல்லை.

பிள்ளைகளை என்ன ஆக்குவது என்று வீட்டில் ஆளுக்கொரு திட்டம் இருந்தது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தால் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு என்று 2020-ல் செய்தி வந்ததிலிருந்தே என் மாமியாருக்குப் பேத்தி டாக்டர். முழங்கால் வலிக்கு வேறு யாரிடமும் காட்ட மாட்டாராம், காத்திருக்கிறார். என் வீட்டுக்காரருக்கு மகன் எஞ்சினியர். இவர் பிளஸ் டூ கணக்கில் வாங்கியது 200-க்கு 71. பாஸ் மார்க் 70. அந்த ஒரு மார்க் திருத்தியவர் போட்ட பிச்சை என்பது என் கருத்து.

எனக்குப் பெரிய ஆசையெல்லாம் இல்லை. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் துணையாக ஒரே பஸ்ஸில் போய் வரட்டும், தண்ணீர் பாட்டில் மூடியோடு வீடு திரும்பட்டும், அவ்வளவுதான்.

சேர்க்கைக்குப் போன அன்று டி.சி., ஆதார் நகல், எமிஸ் எண், போட்டோ என்று எல்லாவற்றையும் அடுக்கிக் கொடுத்தோம். தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “என்னப்பா, ஏதாவது கேக்கணுமா?” என்றார் மகனிடம். முந்தின நாள் ராத்திரியே அவன் அப்பா பாடம் நடத்தியிருந்தார், ‘லேப் இருக்கா சார்’ என்று கேட்கச் சொல்லி.

அவன் கேட்டது: “சார், இங்கயும் முட்டை உண்டா சார்?”

“பத்தாவது வரைக்கும் உண்டுப்பா.”

“சைக்கிள் சார்?”

“அது பிளஸ் ஒன் போனாத்தான்.”

அவன் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தான். பத்து வரை முட்டை. பதினொன்றில் சைக்கிள். அதற்குமேல் காலேஜில் சேர்ந்தால் மாசம் 1,000 ரூபாய் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில். “அப்ப காலேஜ் வரைக்கும் போயிரலாம் சார்” என்றான். நாங்கள் இருவரும் சேர்ந்து எட்டு வருஷம் தொண்டை கிழியச் சொன்ன விஷயத்துக்கு ஒரு முட்டை பதில் சொல்லிவிட்டது. என் வீட்டுக்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். “சார், ஒன்பதாவதுலயும் ரெட்டை ஜடை, ரிப்பனா?”

“பன்னிரண்டு வரைக்கும்மா.”

டாக்டர் கனவுக்கு அங்கேயே பாதி உயிர் போய்விட்டது. போதாததற்கு இருவரையும் ஒரே செக்‌ஷனில் போட்டிருந்தார்கள். ஆளுக்கொரு செக்‌ஷன் கேட்டுக் கெஞ்சிப் பார்த்தார்கள், நடக்கவில்லை. வெளியே வந்ததும் இருவரும் கூடிப் பேசி ஒப்பந்தம் போட்டார்கள்: பள்ளியில் யாராவது கேட்டால், ஒரே ஊர், அவ்வளவுதான் பழக்கம். இனிஷியலும் பிறந்த தேதியும் ஒன்றாக இருப்பதை என்ன செய்வார்களோ!

முதல் நாள் மகன் புதுப் பேன்ட் போட்டுக்கொண்டு வாசலில் பத்து நிமிஷம் நடந்து காட்டினான். மாமியார் நெற்றியில் விபூதி வைத்து, “கலெக்டர் கணக்கா இருக்கான்” என்றார். ஒரே காலையில் எஞ்சினியர் கலெக்டராகிவிட்டான்.

சாயங்காலம் அஞ்சே காலுக்கு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார்கள். மகள் முன்னால், இருபதடி தள்ளி அவன். ஒப்பந்தம் தெரு வரைக்கும் அமலில் இருந்தது போல. பஸ் படியில் மாட்டி, வலது கால் மடிப்பு முழுக்கப் பிரிந்து, மூன்று அங்குலத் துணி செருப்பைத் தாண்டிப் புழுதியைக் கூட்டிக்கொண்டு வந்தது.

“பாத்தியாம்மா, ஒரே நாள்ல வளந்துட்டேன்” என்றான்.

தண்ணீர் பாட்டிலைத் தேடினேன். பாட்டில் இருந்தது. மூடி?

சரி என்று ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மகள் ரிப்பனை அவிழ்த்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

“நல்லா இறுக்கித் தைம்மா. அப்புறம் சைக்கிள் செயின்ல மாட்டும்.”